யானையின் பாஷையும் ஆசீர்வாத வியாபாரமும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் லக்ஷ்மி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. 1948-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி செத்த அந்தப் பசு முக்தி அடைந்துவிட்டதாம். ரமணருக்குக் குரங்கு பாஷை தெரியும் என்பதாகவும் பக்தர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். எந்தச் சத்தத்துக்கு எது அர்த்தம் என்று பிறர் சோதித்துப் பார்க்க ஒரு வரியாவது எழுதி வைத்தார்களா?

தோழர்களே! கென்யா தேசத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் காட்டு யானைகளின் 469 குரல்களைப் பதிவு செய்து, செயற்கை அறிவு என்னும் கணக்கு யந்திரத்திடம் கொடுத்தார்கள். யானைகள் ஒன்றையொன்று பேரிட்டுக் கூப்பிடுவதாகத் தெரிகிறதென்று 2024-ல் வெளியிட்டார்கள். யாரைக் கூப்பிட்டதென்று யந்திரம் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 27.5 தான், குருட்டாம்போக்கில் சொன்னால் 8. அந்தக் குறையையும் அவர்களே அச்சில் போட்டார்கள்! பிறகு 17 யானைகளுக்கு அக்குரல்களைப் போட்டுக் காட்டினார்கள். தன்னைக் கூப்பிட்ட குரலுக்கு யானை விரைந்து வந்தது. நூற்றுக்கு எழுபது தப்பென்று தன்னைப் பற்றிச் சொன்ன மகான் யார்?

நிற்க. அதே திருவண்ணாமலைக் கோயிலில் ருக்கு என்றொரு பெண் யானை இருந்து, 2018 மார்ச்சில் செத்தது. கூட்டத்தோடு வாழும் ஜீவனைத் தனியே கட்டிப்போட்டு, பாகன் பழக்கியபடி தும்பிக்கை தூக்கினால் அதற்கு ஆசீர்வாதம் என்று பேர், கையில் காசு. பேர் சொல்லிக் கூப்பிட அதற்கு யார் இருந்தார்கள்?

இன்னும் பல கோயில்களில் யானைகள் சங்கிலியில் நிற்கின்றன. அந்தக் கொட்டாரங்களில் ஒலிப்பதிவுக் கருவி வைக்க அறநிலையத் துறையிடம் பணமில்லையா, அல்லது யானை சொல்லப்போவதைக் கேட்கப் பயமா?