அட்டையை மாட்டினால் வாலாய் வரும்... சிக்கலும் வரும்!

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கேரிசன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஏரிக்கரையில் ஊர்க்காவல் தெய்வம் மாதிரி நிற்கிறது, பெரிய மீன் சிலை ஒன்று. 1965-ல் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட 'வாலாய்'தான் அது. எதிரே கடல்போல விரிந்து கிடக்கிறது மில் லாக்ஸ் ஏரி. பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆனால், அதிகபட்ச ஆழமே சுமார் 13 மீட்டர்தான்.

வாலாய்க்கு விசேஷமே அதன் கண்தான். பூனைக்கு இருப்பதுபோல, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால் மங்கலான நேரத்தில் மற்ற மீன்களைவிட இதற்குப் பார்வை நன்றாகத் தெரியும். உச்சிவெயிலில் அடியில் பதுங்கும், பொழுது சாயும்போது வேட்டைக்குக் கிளம்பும். காற்றடித்து அலை எழும்பும் மேகமூட்டமான நாள் என்றால் தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

கோடைக்கு ஏற்ற இரை எது? அட்டை! வால்பாறைப் பக்கம் போய்வந்தவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இது மனித ரத்தம் குடிக்காத வகை. கடைகளில் எடை போட்டு விற்கிறார்கள். தடித்த மண்புழுவுக்கும் கிராக்கி உண்டு.

பிடிக்கும் முறைகளில் இரண்டு பிரபலம். ஒன்று, நரம்பில் வழுக்கிச் செல்லும் தக்கை. வேண்டிய ஆழத்தில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டால், தக்கை அதுவரை நகர்ந்து நிற்கும். கீழே அட்டை நெளிந்துகொண்டே இருக்கும். பாறைத் திட்டுகளுக்கு இது அருமை. இன்னொன்று, தரையில் உரசிப்போகும் ஈயத்துக்குப் பின்னால் நீளமான நரம்பில் இரையைக் கட்டி, படகை மெதுவாக நகர்த்துவது. மீன் கவ்வியதும் உடனே இழுக்க மாட்டார்கள். கொஞ்சம் நரம்பை விட்டுக்கொடுத்து, 'நன்றாக வாங்கிக்கொள்ளட்டும்' என்று காத்திருப்பார்கள்.

பிரச்னை அந்தக் காத்திருப்பில்தான். நிஜமான உணவு என்பதால் மீன் முள்ளோடு சேர்த்து விழுங்கிவிடும். முள் தொண்டையையோ குடலையோ தைத்துவிட்டால், திரும்ப ஏரியில் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். கோடையில் தண்ணீர் சூடாக இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஒரு மீன் செத்தால் இவ்வளவு கவலையா? மில் லாக்ஸில் கவலைப்படத்தான் வேண்டும். 1837-ல் ஓஜிப்வே பூர்வகுடிகள் இந்தப் பகுதி நிலத்தை அரசுக்குக் கொடுத்தபோது, மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை செல்லும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுதோறும் எவ்வளவு மீன் எடுக்கலாம் என்று கணக்கிட்டு, மாநிலமும் பூர்வகுடிகளும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மாநிலத்தின் பங்கில், தூண்டில்காரர்கள் திருப்பி விட்டபிறகு சாகும் மீன்களின் கணக்கும் சேரும். அதாவது, ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாமலே பங்கு தீர்ந்துபோகலாம்!

ஏரியும் முன்புபோல இல்லை. தண்ணீர் வெகுவாகத் தெளிந்துவிட்டது. 2005-ல் இங்கே கண்டறியப்பட்ட வரிச் சிப்பிகள் அதை இன்னும் வடிகட்டுகின்றன. பார்க்க அழகுதான், மங்கலை விரும்பும் மீனுக்கு அது அழகா? முட்டை பொரிகிறது, ஆனால் குஞ்சுகளில் பல வளர்ந்து பெரிதாவதில்லை.

2015 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வாலாய் பிடிக்கத் தடை வந்தது. கோடை விருந்தினர்களை நம்பியிருந்த விடுதிக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். 2016-ல் பிடித்ததையெல்லாம் திருப்பி விட வேண்டும் என்றார்கள். உயிர் இரைக்கே தடை என்றும் முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே, சீசன் தொடங்கும் முன் அந்தத் தடையைக் கைவிட்டார்கள். விடுதிக்காரர்களின் கோபம் நியாயமானதே. அட்டை இல்லாமல், குழந்தைகளோடு வரும் குடும்பம் எதை வைத்துப் பிடிக்கும்? 2019 மே மாதத்தில், குறிப்பிட்ட நீளமுள்ள ஒரே ஒரு மீனை எடுத்துப்போக மீண்டும் அனுமதி கிடைத்தது.

இப்போது விவரம் தெரிந்தவர்கள் கவ்வியதும் காத்திருப்பதில்லை, சட்டென்று இழுத்துவிடுகிறார்கள். உள்பக்கமாக வளைந்த முள்ளைப் போட்டால், அது தொண்டைக்குப் போகாமல் வாயோரத்தில் மாட்டும். அப்படியும் விழுங்கிவிட்டால் பிடுங்கக் கூடாது. நரம்பை வாயருகே வெட்டி, மீனைத் தண்ணீரை விட்டு அதிகம் தூக்காமல் விட்டுவிட வேண்டும். வெயில் கொளுத்தும் நாளில், நாலைந்து மீன் கிடைத்ததுமே படகைக் கரைக்குத் திருப்புகிறவர்களும் உண்டு.