எல்லை தாண்டிய மாணவர்கள் எழுதிய சட்டம்

பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் உள்ள அரச கவின்கலைக் கழகத்தில் சித்திரக்கதை வரையக் கற்றுக்கொள்ள வந்தவர் ஃபிரான்சுவாஸ் கிராவியே என்ற பிரெஞ்சுப் பெண். பெல்ஜிய மாணவர்கள் கட்டத் தேவையில்லாத கட்டணம் ஒன்றை, வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காக அவரிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார், வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. கல்வி பற்றி அன்றைய ஐரோப்பிய ஒப்பந்தத்தில் பெரிதாக எதுவும் கிடையாது. தொழிற்பயிற்சி பற்றி மட்டும் ஒரு பிரிவு இருந்தது. ஒரு தொழிலுக்கு ஆளைத் தயார்செய்யும் எந்தப் படிப்பும் தொழிற்பயிற்சிதான் என்று சொல்லி, அந்தச் சின்னச் சந்தின் வழியாக நீதிபதிகள் உள்ளே நுழைந்தார்கள். உறுப்பு நாடுகளின் மாணவர்களிடம் இப்படித் தனிக் கட்டணம் வசூலிப்பது பாகுபாடு என்று 1985 பிப்ரவரியில் தீர்ப்பானது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1987 ஜூனில், எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 பேர் போனார்கள். திட்டத்தை எந்தச் சட்டப்பிரிவின் மேல் நிறுத்துவது என்பதிலும் சண்டை வந்தது. ஐரோப்பிய ஆணையமும் அமைச்சர்கள் மன்றமும் மோதிக்கொள்ள, 1989-இல் அதையும் நீதிமன்றமே தீர்த்துவைத்தது.

ஐரோப்பியச் சட்டத்தையும் ஒப்பீட்டுச் சட்டத்தையும் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரலாம் என்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டுக்கோ இத்தாலியின் ட்ரெண்டோவுக்கோ விண்ணப்பிக்கும் மாணவர்கள் தங்கள் பாடப்புத்தகத்தில் அடிக்கடி சந்திக்கப்போவது தங்களைப் போன்ற மாணவர்களைத்தான். ஐரோப்பியக் குடியுரிமை என்ற கருத்துக்கு உயிர் கொடுத்த 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கிஜெல்சிக் என்ற பிரெஞ்சு மாணவருடையது. (பெயரை உச்சரிக்கத் தெரியாமல் வகுப்பே ஒருமுறை திணறும்.) பெல்ஜியத்தில் உடற்கல்வி படித்த அவர், மூன்று ஆண்டுகள் சிறு சிறு வேலைகள் செய்து காலத்தை ஓட்டினார். கடைசி ஆண்டில் படிப்புச் சுமை கூடியது. பெல்ஜியம் தன் ஏழைகளுக்குத் தரும் குறைந்தபட்ச உதவித்தொகையைக் கேட்டார். முதலில் கொடுத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். அதே நிலையில் ஒரு பெல்ஜிய மாணவர் இருந்தால் கிடைத்திருக்கும் உதவியை இவருக்கு மட்டும் மறுப்பது ஒப்பந்தத்துக்கு முரண் என்றது நீதிமன்றம்.

இந்தத் தாராளத்துக்கு எதிர்வினையும் வராமலில்லை. பிரான்சில் இடம் கிடைக்காத மாணவர்கள் மொழி ஒன்றே என்பதால் பெல்ஜியத்தின் கால்நடை மருத்துவ, இயன்முறை மருத்துவ வகுப்புகளில் திரளாகச் சேர்ந்தார்கள். பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழிச் சமூக அரசு 2006-இல் வெளியாருக்கு 30 சதவீத வரம்பு விதித்தது. 2010-இல் அந்த வழக்கு லக்சம்பர்க்கில் முடிந்தபோது, பொதுச் சுகாதாரத்துக்கு உண்மையிலேயே ஆபத்து என்று ஆதாரத்தோடு காட்டினால்தான் இந்த வரம்பு நிற்கும் என்று நீதிமன்றம் நிபந்தனை போட்டது. வரிகட்டும் உள்ளூர்க்காரர் பணத்தில் அண்டை நாட்டுப் பிள்ளை எவ்வளவு தூரம் படிக்கலாம் என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து இதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர் இந்தத் தீர்ப்புகளை வேறு மாதிரிதான் படிக்க முடியும். இந்த உரிமைகள் அவருக்கு உரியவை அல்ல. அவருக்கான சட்டம் 2016-இன் 801-ஆம் எண் நெறிமுறை: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களையும் ஆய்வாளர்களையும் எப்படி அனுமதிப்பது என்பதைச் சொல்வது. வாரம் 15 மணி நேர வேலைக்காவது அவர்களை உறுப்பு நாடுகள் அனுமதிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. கையில் பணம் இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ என்று கணக்கு வைத்திருக்கிறது. ஓராண்டு தங்குவதானால் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுவிட்டு, மாதாமாதம் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கலாம். பக்கத்து இருக்கையில் இருக்கும் இத்தாலிய மாணவி அடையாள அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி வந்திருப்பார்.

இந்த வித்தியாசமும் வழக்காகியிருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் துனீசியாவுக்குத் திரும்பிய பென் அலாயா என்ற இளைஞருக்கு டார்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கணிதம் படிக்க இடம் கொடுத்தது. விசா அதிகாரிகள் மறுத்தார்கள்: மதிப்பெண் போதாது, ஜெர்மன் மொழி போதாது, இந்தப் படிப்புக்கும் எதிர்கால வேலைக்கும் தொடர்பு தெரியவில்லை. பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டவரைப் பற்றி இப்படி யோசிக்க அவர்கள் யார் என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். அப்போது நடப்பில் இருந்த முந்தைய நெறிமுறையில் சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றியவரை அனுமதித்தே ஆக வேண்டும், புதிதாக நிபந்தனை சேர்க்கக் கூடாது என்று 2014-இல் நீதிமன்றம் சொன்னது. ஆனால் மூன்றே ஆண்டுகளில் ஃபாஹிமியன் வழக்கில் காற்று திசைமாறியது. தெஹ்ரானின் ஷரீஃப் பல்கலைக்கழகத்தில் படித்து, டார்ம்ஸ்டாட்டில் கணினிப் பாதுகாப்பில் முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகையும் பெற்றிருந்த ஈரானியப் பெண்ணுக்குப் பொதுப் பாதுகாப்பைக் காட்டி விசா மறுக்கப்பட்டது. இதில் அதிகாரிகளுக்குப் பரந்த விருப்புரிமை உண்டு என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. ஐரோப்பியச் சட்டம் எவ்வளவு தூரம் நீளும், எந்த இடத்தில் கை சுருங்கும் என்பதைக் கிராவியேயில் தொடங்கி ஃபாஹிமியனில் முடித்துப் படிக்கும் மாணவர், ஒப்பந்தத்தின் பிரிவுகளை மனப்பாடம் செய்பவரைவிடத் தெளிவாகப் புரிந்துகொள்வார்.

ஒப்பீட்டுச் சட்டத்தின் கதை வேறு. அதற்கு லக்சம்பர்க் வேண்டாம், ஒரு ரொட்டிக்கடை போதும். ஜெர்மனியில் காலையில் ஒருவர் பேக்கரியில் ஒரு ரொட்டி வாங்கினால் அங்கே நடப்பவை மூன்று ஒப்பந்தங்கள். விற்கிறேன், வாங்குகிறேன் என்பது ஒன்று. ரொட்டியின் உடைமையை மாற்றுவது இரண்டாவது. காசின் உடைமையை மாற்றுவது மூன்றாவது. முதல் ஒப்பந்தம் செல்லாது என்று பின்னர் தெரியவந்தாலும் ரொட்டி வாங்கியவருடையதாகவே இருக்கும்; கடைக்காரர் நியாயமற்ற ஆதாயம் என்று தனியாகக் கோரிக்கை வைத்துத்தான் அதைத் திரும்பக் கேட்க முடியும். பிரான்சில் இருவரும் சம்மதித்ததுமே பொருள் கைமாறிவிட்டதாகக் கணக்கு. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும், தயாராக இருக்கும் குறிப்பிட்ட பொருளைப் பொறுத்தவரை ஏறக்குறைய அதையே சொல்கிறது. ரொட்டிக்கு எதற்கு இந்தப் பாடு என்று முதல் வாரம் சிரிக்கும் மாணவர், கடைக்காரர் திவாலான கதையையும் பொருள் மூன்றாவது ஆளிடம் போன கதையையும் பார்த்த பிறகு சிரிப்பதில்லை.

இன்னொன்று ஒரு நீச்சல் குளம். நெதர்லாந்தில் வால்பர்க் நகராட்சி உள்ளரங்க நீச்சல் குளம் கட்ட விலைப்புள்ளி கேட்டது. பிளாஸ் என்ற ஒப்பந்ததாரர் கொடுத்ததுதான் மிகக் குறைவு. நிர்வாகமும் அவர் பக்கமே சாய்ந்தது. கடைசி நேரத்தில் நகரமன்றம் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகு எழுந்து போவது நல்லெண்ணத்துக்கு மாறானது, அப்போது செலவோடு இழந்த லாபத்துக்கும்கூட ஈடு கொடுக்க வேண்டி வரலாம் என்று டச்சு உச்ச நீதிமன்றம் 1982-இல் சொன்னது. பத்தே ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வால்ஃபோர்ட் வழக்கில் நேரெதிராகத் தீர்ப்பளித்தது: பேரம் பேசுகிறவர்கள் எதிராளிகள், நல்லெண்ணத்தோடு பேசுவதாகச் செய்த உடன்பாட்டுக்குச் சட்ட வலு கிடையாது. ஆங்கிலேயச் சட்டத்தில் வளர்ந்த இந்திய மாணவருக்கு இரண்டாவது தீர்ப்பு இயற்கை நியதி போலத் தோன்றும். அது ஒரு நாடு எடுத்த முடிவு, கடல் தாண்டிய பக்கத்து நாடு வேறு முடிவு எடுத்திருக்கிறது என்று உறைக்கும் அந்த வேளைக்காகத்தான் விமானக் கட்டணம்.

இதெல்லாம் நூலகத்திலிருந்தும் கிடைக்கும் என்று வாதிடலாம். நூலகத்தில் கிடைக்காதது தேர்வு. ஜெர்மனியில் வினாத்தாளில் ஒரு கதை வரும். யார் யாரிடம் என்ன கேட்க முடியும் என்று கேள்வியாகத் தொடங்கி, ஒவ்வொரு நிபந்தனையாகச் சோதித்து, முடிவைக் கடைசியில்தான் எழுத வேண்டும். முடிவை முதலில் எழுதியவர் சரியாகவே எழுதியிருந்தாலும் மதிப்பெண் இழப்பார். பிரான்சில் எந்தத் தலைப்பானாலும் விடை இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு உட்பகுதி. மூன்றாவது பகுதி தேவைப்படும் விஷயமே உலகில் கிடையாது என்பது அங்குள்ள சட்டப் பேராசிரியர்களின் நம்பிக்கை போலும். இத்தாலியில் பேராசிரியர் எதிரே உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு. 30-க்கு மதிப்பெண், 18 எடுத்தால் தேர்ச்சி, பிடிக்காவிட்டால் மதிப்பெண்ணை மறுத்துவிட்டு அடுத்த முறை வரலாம். சட்டத்தை எப்படி யோசிப்பது என்பதில் இந்த நாடுகள் எங்கே பிரிகின்றன என்பது தேர்வு மேசையில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

பரிமாற்ற மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதையேதான். அவர்களுக்கென்று ஆங்கிலத்தில் தனி வகுப்புகள் நடக்கின்றன. அறையில் பிரேசில், கொரியா, இந்தியா, துருக்கி மாணவர்கள் இருப்பார்கள். உள்ளூர் மாணவர்கள் அடுத்த கட்டடத்தில் தங்கள் மொழியில் தங்கள் சட்டத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள். கற்பிக்கப்படுவது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், அதுவும் ஆங்கிலத்தில். இங்கிலாந்து 2020-இல் ஒன்றியத்தை விட்டே போய்விட்டது. ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஒன்றியத்தின் 24 மொழிகளிலும் வழக்குகள் வந்தாலும், நீதிபதிகள் மூடிய கதவுக்குப் பின்னால் கலந்து பேசுவது பிரெஞ்சில். ஆங்கில வகுப்பே கூடாது என்றால் முக்கால்வாசிப் பேர் போகவே முடியாது, அது நியாயமும் அல்ல. ஆனால் முழு செமஸ்டரையும் அந்த வகுப்புகளாலேயே நிரப்பிக்கொண்டு திரும்புகிறவர், ஐரோப்பாவில் இருந்துகொண்டே எந்த ஐரோப்பிய நாட்டின் சட்டத்தையும் தொடாமல் வருகிறார். போகுமுன் ஆறு மாதம் ஜெர்மனோ பிரெஞ்சோ படித்து, ஒரே ஒரு பாடத்தையாவது உள்ளூர் மாணவர்களோடு உட்கார்ந்து கேட்பது, அதில் தோற்றாலும், கூடுதல் பயன் தரும். ப்ரெமன், ஓல்டன்பர்க், க்ரோனிங்கன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஹான்சே சட்டப் பள்ளி, ஒப்பீட்டு, ஐரோப்பியச் சட்டப் பட்டத்தை இரு நாட்டு வகுப்பறைகளிலும் படிக்கும்படி அமைத்தது இதனால்தான்.

தெற்காசிய மாணவருக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. அதை அவரே அறியாமல் போய்விடுவார். இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. லைடன் பேராசிரியர் யோஹன்னஸ் வூட் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் எழுதிய உரையைக் கொழும்பு நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன. நெதர்லாந்தோ 19-ஆம் நூற்றாண்டிலேயே சட்டத்தொகுப்புக்கு மாறி, 1992-இல் அதையும் பெருமளவு மாற்றி எழுதிவிட்டது. லைடனில் வூட் சட்ட வரலாற்றுக்காரர்களின் சொத்து. கொழும்பு மாணவருக்கு அவர் நடைமுறைச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707-இல் எழுத்தில் தொகுக்க வைத்ததும் டச்சுக்காரர்கள்தான். புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்தவர்களின் வழித்தோன்றல்களுக்குத் திருமணத்திலும் வாரிசுரிமையிலும் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்துகிறது. பிற்காலத்திலும் ஐரோப்பாவிலிருந்து சரக்கு வந்திருக்கிறது. ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த டீட்ரிச் கான்ராட் 1965-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளுறையான வரம்பு உண்டா என்று ஓர் உரை நிகழ்த்தினார். பின்னணியில் நாஜி அனுபவமும், சில கோட்பாடுகளைத் திருத்தவே முடியாது என்ற ஜெர்மானிய அடிப்படைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவும் இருந்தன. வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் அந்த வாதத்தைக் கோலக்நாத் வழக்கில் எடுத்துவைத்தார். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் அது அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடாக உருவெடுத்தது. ஒரு மாணவர் இதை ஹைடல்பெர்க்கில் போய்ப் பேசினால் வகுப்பில் அவர்தான் அன்றைய ஆசிரியர்.

ஆகவே எப்போது போவது என்பது முக்கியம். சொந்த நாட்டு ஒப்பந்தச் சட்டத்தையும் அரசமைப்பையும் முடிக்காமல் இரண்டாம் ஆண்டிலேயே கிளம்புகிறவரிடம் ஒப்பிட ஒரு பக்கம்தான் இருக்கும். நான்காம் ஆண்டு பொருத்தம்.

திரும்பி வந்த பிறகு காத்திருக்கும் தொல்லை பழையது. இத்தாலியின் சோஃபியா கொர்ராடி 1950-களின் இறுதியில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுகலை முடித்துவிட்டு ரோமுக்கு வந்தார். அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அந்த அவமானத்திலிருந்து அவர் தொடங்கிய நெடிய பிரசாரம்தான் எராஸ்மஸுக்கு வழி திறந்தது. அதனால்தான் அவரை ‘எராஸ்மஸ் அம்மா’ என்பார்கள். இன்று ஐரோப்பாவுக்குள் ஒரு செமஸ்டர் என்றால் 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று பொது அளவுகோல் வந்துவிட்டது. கிளம்பும் முன்பே எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் பார் கவுன்சில் விதிகள் கட்டாயப் பாடங்களைப் பட்டியலிட்டிருக்கின்றன. சிவில் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் ஈடாக மாஸ்ட்ரிக்டில் எதுவும் கிடைக்காது. பரிமாற்ற செமஸ்டரில் விருப்பப் பாடங்கள் மட்டுமே வருமாறு கல்லூரிகள் கால அட்டவணையை முன்கூட்டியே மாற்றிவைக்காவிட்டால், திரும்பியவர் ஜூனியர்களோடு உட்கார்ந்து விட்ட பாடங்களை எழுத வேண்டியிருக்கும். மதிப்பெண்ணை மாற்றுவதும் தலைவலி. ஜெர்மானியச் சட்டத் தேர்வில் மொத்தம் 18 புள்ளி. அங்கே 9 எடுத்தவர் பெருமையோடு வீட்டுக்குப் போன் செய்வார். அதை 50 சதவீதம் என்று பதிந்துகொள்ளும் தேர்வுப் பிரிவு எழுத்தர் மீது பழி போட்டுப் பயனில்லை. அவர் கையில் மாற்று அட்டவணை ஒன்றை யாராவது முதலில் கொடுத்திருக்க வேண்டும்.