என்ன ஊசி போட்டீர்கள், டாக்டர்?

புதிதாகக் குடிவந்த இடத்தில் நாய்க்கு டாக்டர் தேடுகிறவர்கள், சென்னையானாலும் மதுரையானாலும், ஒரே மாதிரிதான் தேடுகிறார்கள். காலையில் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களிடம் விசாரிப்பார்கள். தீவனக் கடைக்காரரைக் கேட்பார்கள். "அவர்கிட்ட போங்க, கைராசிக்காரர். ஒரே ஊசிதான், மறுநாளே எழுந்து ஓடும்" என்பார் ஒருவர். "பில் தீட்டிடுவார், ஆனா நல்லா பார்ப்பார்" என்பார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரே ஊசி என்ன ஊசி என்று கேட்டால் சொன்னவருக்கே தெரியாது. டாக்டர் சொல்லவில்லை, எழுதித் தரவில்லை, இவரும் கேட்கவில்லை.

இதைச் சின்னக் குறை என்று நாம் ஒதுக்கத் தயாரில்லை. வாயில்லாத ஒரு ஜீவனின் உடம்பில் எந்த மருந்து, எவ்வளவு போயிற்று என்பதை அதை வளர்ப்பவருக்கு எழுத்தில் தராத கால்நடை மருத்துவர் தவறு செய்கிறார். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தவறு தவறுதான்.

அரிப்பையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் நாய்க்குத் தோல் நோய் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உண்ணி, தெள்ளுப்பூச்சி, பூஞ்சை, உணவு ஒவ்வாமை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வீட்டாருக்குத் தெரிவதெல்லாம் ராத்திரி முழுக்க நாய் சொறிகிறது, யாருக்கும் தூக்கமில்லை என்பதுதான். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் லேசாக ரத்தம் கசியும் அளவுக்குத் தோலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மயிர்க்கால்களுக்குள் குடியிருக்கும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி அப்படித்தான் அகப்படும். அகப்பட்டாலும் சிகிச்சை வாரக்கணக்கில் போகும், சில நாய்களுக்கு மாதக்கணக்கில்.

இத்தனை பாடு எதற்கு? டெக்ஸாமெத்தசோனோ பிரட்னிசலோனோ, ஏதோ ஒரு ஸ்டீராய்டைப் போட்டால் பெரும்பாலான அரிப்பு அன்றிரவே அடங்கிவிடும். நாய் தூங்கும், வீடும் தூங்கும், டாக்டரின் கைராசி தெருவெல்லாம் பரவும். உள்ளே இருந்தது டெமோடெக்ஸாக இருந்தால், ஸ்டீராய்டு நாயின் எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தி அந்தப் பூச்சி பெருகத்தான் வழிவிட்டிருக்கும். கொஞ்ச நாளில் முடி கொட்டி, தோல் தடித்து, சீழ் வைத்துத் திரும்பி வரும். மறுபடி அதே கிளினிக், மறுபடி அதே ஊசி.

ஸ்டீராய்டு ஒன்றும் விஷமல்ல. கடும் ஒவ்வாமையிலும் சில நோயெதிர்ப்புக் கோளாறுகளிலும் அது உயிர் காக்கும் மருந்து. விவரம் தெரிந்த டாக்டர் எடை பார்த்துக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். நம் கோபம் மருந்தின் மேல் இல்லை, மறைப்பதன் மேல். நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, நடு ஹாலில் சிறுநீர் கழிக்கிறது, எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை, வயிறு தொங்குகிறது. இதெல்லாம் நாள்பட்ட ஸ்டீராய்டின் வேலையாக இருக்கலாம் என்று சந்தேகிக்க, கொடுத்தது ஸ்டீராய்டு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே! தெரியாத வீட்டில் "வயசாயிடுச்சு" என்பார்கள். தரையை நனைத்ததற்காக நாய்க்கு அடியும் விழும்.

இதைவிடக் கொடுமை, அடுத்த டாக்டரிடம் போகும்போது நடப்பது. "இதுக்கு முன்னாடி என்ன குடுத்தாங்க?" என்று அவர் கேட்பார். "ரெண்டு ஊசி போட்டார் சார். ஒண்ணு மஞ்சளா இருந்துச்சு. அப்புறம் சின்ன வெள்ளை மாத்திரை" என்று பதில் வரும். மாத்திரையைக் காட்டச் சொன்னால் காகித உறையொன்று கைப்பையிலிருந்து வெளியே வரும். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிப் போட்ட மாத்திரைகள். பெயர் அச்சிட்ட பக்கம் கத்திரிக்கோலோடு போயிருக்கும். உறையின் மேல் 'கா - மா' என்று மட்டும் எழுதியிருக்கும். இதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்? நாய் நொண்டுகிறது, வலிக்கு மெலாக்சிகாம் கொடுக்கலாம். ஏற்கெனவே உடம்பில் ஸ்டீராய்டு இருக்கும்போது அதையும் கொடுத்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் வந்து ரத்தம் கசியலாம், உயிரே போகலாம். கொடுக்காவிட்டால் நாய் வலியில் துடிக்கும். முதல் டாக்டர் எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு இரண்டாவது டாக்டர் பழி சுமக்கிறார்.

எழுத நேரமில்லை என்பார்கள். தடுப்பூசிக்கு மட்டும் எங்கிருந்து நேரம் வருகிறது? குப்பியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளை உரித்துக் கையேட்டில் ஒட்டுகிறார்கள், தேதி போடுகிறார்கள், அடுத்த தவணையை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைக்கிறார்கள். தயாரிப்புத் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அந்த லேபிளிலேயே இருக்கின்றன. ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. சென்னை மாநகராட்சி செல்லப்பிராணி உரிமத்துக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கேட்கிறது, அதனால் அந்தக் காகிதம் எல்லாரிடமும் பத்திரமாக இருக்கிறது. மனிதரைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் ஒழுங்காக எழுதுகிற அதே பேனா, நாயைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் மூடிக்கொள்கிறது.

கூட்டம் என்ற சமாதானமும் எடுபடாது. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்குக் காலை வேளையில் போய்ப் பார்த்தவர்களுக்குக் கூட்டம் என்றால் என்னவென்று தெரியும். ஆட்டோவில் ராட்வீலர், கூடையில் பூனை, கயிற்றோடு ஆடு என்று வந்துகொண்டே இருக்கும். அங்கே பதிவுச் சீட்டு உண்டு. நோயைப் பற்றி எழுதுவதும் கொடுத்த மருந்தைக் குறிப்பதும் உண்டு. காத்திருக்க வைக்கிறார்கள், மாணவர்கள் பார்க்கிறார்கள், பெரிய டாக்டர் கண்ணிலேயே படுவதில்லை என்று அங்கே போவோருக்கு ஆயிரம் மனக்குறை இருக்கலாம். ஆனால் என்ன செய்தார்கள் என்பது காகிதத்தில் இருக்கிறது. அரை நாள் வரிசையில் நின்றாலும் வேப்பேரிக்குத்தான் போவோம் என்று சொல்லும் குடும்பங்களை நாம் குறை சொல்ல மாட்டோம்.

மருத்துவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றுக்கு மட்டும் நியாயம் உண்டு. எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை டாக்டரிடம் வராமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தாங்களே கொடுத்துவிடுகிறார்கள் என்கிறார்கள். உண்மைதான், கொடுக்கிறார்கள். பழைய சீட்டு இல்லாவிட்டாலும் கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆகவே சீட்டை மறைப்பது அதற்கு மருந்தாகாது.

இந்த இடத்தில் தீர்ப்பின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது என்று வீட்டிலிருந்த பாராசிட்டமாலில் அரை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் கிளினிக்குக்குத் தூக்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் சமாளிக்க முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும். உடனே சொன்னால் மாற்று மருந்துக்கு வாய்ப்பு உண்டு. "எதுவுமே குடுக்கலை டாக்டர்" என்று சாதித்தால், டாக்டர் தவறான திசையில் தேடிக்கொண்டிருக்கும்போதே பூனை செத்துப்போகும். டாக்டரின் மறைப்பைக் குற்றம் என்று சொல்கிற வாய், இதையும் குற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். திட்டுவாரே என்ற பயம் ஒரு சாக்கு அல்ல.

குட்டிக்குப் பல்லாயிரம் கொடுத்துவிட்டு டாக்டர் ஃபீஸில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்கிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சொல்ல வேண்டியது இன்னொரு வகையினரைப் பற்றி. "தோலைச் சுரண்டிப் பார்க்கணும், ரத்தம் எடுக்கணும், இன்னைக்கே ஊசி வேண்டாம், மூணு வாரம் பொறுங்க" என்று ஒரு டாக்டர் நேர்மையாகச் சொன்னால், "இவருக்கு ஒண்ணும் தெரியலை, டெஸ்ட் எழுதியே காசு பிடுங்குறார்" என்று சொல்லிவிட்டுக் கைராசிக்காரரைத் தேடிப் போகிறார்களே, அவர்கள். ஐந்தரை வருடம் படித்து, கடி வாங்கி, நகக்கீறல் வாங்கி, நள்ளிரவில் போன் எடுத்துத் தொழில் செய்கிற அந்த டாக்டர், பக்கத்துக் கிளினிக்கில் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் நேர்மையாக இருப்பார்? தேவையில்லாத பரிசோதனை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். "இந்தப் பரிசோதனையில் என்ன தெரியும், தெரிந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" என்று கேட்டால் இரண்டு வகையும் பிரிந்துவிடும். முன்னவர் உட்காரவைத்து விளக்குவார். பின்னவருக்குக் கோபம் வரும்.

இனி அரசின் பொறுப்பு. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-ல் வந்தது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவரைத் தவிர வேறு யாரும் இந்த வைத்தியத்தைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று அதன் 30-ஆவது பிரிவு சொல்கிறது. சில சில்லறைச் சேவைகளுக்கு மட்டும், அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில், விலக்கு உண்டு. சட்டம் இப்படி இருக்க, கிளினிக்கில் உதவியாளராக இருந்தவர் சாயங்காலத்தில் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறார். நாய்க்குட்டி விற்கிறவரே தடுப்பூசியும் போட்டு அனுப்புகிறார். அந்தக் குப்பி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்ததா, மீன்பாடி வண்டி வெயிலில் வந்ததா என்று யாருக்குத் தெரியும்? பிறகு பார்வோ வந்து ரத்தபேதியில் குட்டி போகும்போது, "தடுப்பூசி போட்டோமே" என்று அழுகிறார்கள்.

தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலிடம் நாம் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஒவ்வொரு முறை பார்த்து முடித்ததும் ஒரு சீட்டு: பிராணியின் எடை, கண்டது, சந்தேகிப்பது, கொடுத்த மருந்தின் மூலப்பெயரும் அளவும், எந்த வழியாகக் கொடுக்கப்பட்டது, அடுத்து வர வேண்டிய நாள், டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும். வேறு டாக்டரிடம் போக விரும்புகிறவர் கேட்டால் பழைய விவரத்தின் நகல். இதைக் கட்டாயமாக்கி, தராதவர் மேல் வரும் புகாரை விசாரித்து முடிவைச் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்று பயப்படுகிற டாக்டர்கள் ஒன்றை யோசிக்கட்டும்: வழக்கு என்று வந்துவிட்டால், எடை பார்த்து அளவாகத்தான் கொடுத்தேன் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பார்கள்?

கவுன்சில் அசையும்வரை வாசகர்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஊசி ஏற்றுவதற்கு முன்பே, "இது என்ன மருந்து டாக்டர், ஒரு சீட்டில் எழுதிடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத முடியாது என்றால் குப்பியைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அதற்கும் மறுக்கிற கிளினிக்குக்கு அடுத்த தடவை போகாதீர்கள்.