ரோட்டின் அடிமண்

ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும், கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் பூமியில் தார் ரோடுகள் பிளந்தும் அமிழ்ந்தும் கிடப்பது ஜனங்களுக்குப் பழகிப்போன காட்சி. லாரிகளின் பாரம் மிதமிஞ்சியது என்பர் சிலர்; கண்டிராக்டர் தாரைக் குறைத்துவிட்டார் என்பர் பலர். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இவ்வழக்கில் முதலாம் எதிரி இன்னும் கூண்டில் ஏற்றப்படவில்லை என்பது நமது அபிப்பிராயம். தாருக்கும் ஜல்லிக்கும் கீழேயுள்ள மண்ணில் புகுந்த ஜலமே அந்த எதிரி.

வண்டியின் பாரத்தைக் கடைசியில் தாங்குவது தாருமன்று, கல்லுமன்று, அடிமண்ணே. ஸ்காட்லாந்துக்காரரான மக்காடம் இதை இருநூறு வருஷங்களுக்கு முன்பே வற்புறுத்தினார். அந்த மண்ணை உலர்ந்த நிலையில் காப்பதே ரோடு போடுகிறவனின் முதற் கடமை என்பது அவருடைய சித்தாந்தம். காய்ந்து வரும் மண்ணில் எஞ்சியிருக்கும் சொற்ப ஈரம் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. ஜலம் மிகுந்து இடைவெளிகளை நிரப்பிவிட்டாலோ அந்தப் பிடிப்பு அற்றுப்போகிறது. சித்திரையில் கடப்பாரைக்கு மசியாத கட்டி கார்த்திகையில் காலை இழுக்கும் சேறாவதைக் கரிசல் உழவருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும் அம்மண்ணின் குணம். நடு ரோட்டின் அடியில் ஈரம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்க, ஓரங்கள் மாத்திரம் மழைக்கும் வெயிலுக்கும் மாறி மாறி அசைகின்றன. ஆகவேதான் வெடிப்பு ஓரத்தையொட்டி நீளவாட்டில் ஓடுகிறது.

அதிகாரிகள் இதை அறியார் என்று வாதிக்க இடமில்லை. 1934-இல் ஸ்தாபிதமான இந்திய ரோடு காங்கிரஸ் வகுத்த முறையில், அடிமண்ணின் வலிமையை அளக்குமுன் அதை நான்கு நாள் ஜலத்தில் ஊறவைப்பது வழக்கம். நொறுக்கிய நல்ல கல்லின் வலிமை 100 என்று வைத்துக்கொண்டால், ஊறிய கரிசலுக்கு 2 முதல் 4 வரை கிடைப்பதே சாதாரணம். சுண்ணாம்பு கலந்து அதைத் திடப்படுத்தும் முறையும் புதிதன்று.

இவ்வளவும் தெரிந்திருந்தும், பக்கக் கால்வாய் தூர்ந்து, ஓரத்து மண் ரோட்டைவிட மேடாகி, மழை ஜலம் வடிய வழியின்றித் தேங்கும் இடத்தில் புதிதாக ஒரு தார்ப்படலம் பூசுவது ஜனங்களின் வரிப்பணத்தைச் சேற்றில் புதைப்பதேயாகும். தார் பளபளக்கும், திறப்பு விழாவுக்கு உதவும். கால்வாயைத் தூரெடுத்தவனுக்கு மாலை போடுவார் எவருமில்லை!

புரட்டாசிக்குள் கால்வாய்களைத் தூரெடுத்து ஓரங்களைச் சரித்து முடித்த பிறகே தார் வேலைக்குப் பணம் அனுமதிக்கப்பட வேண்டும். ரோடு கேட்டு மனுக் கொடுக்கும் ஊர்ப் பிரமுகர்களும், எஸ்டிமேட்டில் கால்வாய்க்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கேட்பார்களாக.