‘போஸ்ட்ல பாத்துக்கலாம்’ இனி செல்லுமா? எல்.இ.டி சுவர் மாற்றும் சினிமா கணக்கு

தலை முதல் கால் வரை பளபளக்கும் உலோகக் கவசம் போட்ட ஹீரோ. கதைப்படி அவர் நிற்பது பாலைவனத்தில். ஷூட்டிங் நடப்பதோ ஸ்டூடியோவுக்குள். வழக்கம்போல பின்னாடி ஒரு பச்சைத்துணியைக் கட்டிவிட்டு, பாலைவனத்தை அப்புறமா கம்ப்யூட்டரில் ஒட்டிக்கலாம் என்று நினைத்தால் ஒரு சிக்கல். கவசம் கண்ணாடி மாதிரி. சுற்றியிருக்கும் பச்சை மொத்தமும் அதில் தெரியும். கம்ப்யூட்டரிடம் “பச்சையை எடுத்துடு” என்று சொன்னால், ஹீரோவின் மார்பையும் தோளையும் சேர்த்து எடுத்துவிடும்.

2019-ல் டிஸ்னி பிளஸ்ஸில் வெளியான ‘தி மாண்டலோரியன்’ தொடருக்கு இருந்த சிக்கல் இதுதான். அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு, 20 அடி உயரத்தில் 270 டிகிரி வளைந்து நிற்கும் ஒரு எல்.இ.டி சுவர். தலைக்கு மேல் எல்.இ.டி கூரை. நடுவில் 75 அடி விட்டத்தில் நடிகர்கள் நடமாட இடம். பாலைவனம் அந்தச் சுவரிலேயே ஓடியது. கவசத்தில் பச்சைக்குப் பதில் வானமும் மணலும் பிரதிபலித்தன. முதல் சீசனில் பாதிக்கும் மேல் இப்படித்தான் எடுத்தார்கள்.

எஃபெக்ட்ஸை ஷூட்டிங் முடிந்த பிறகு சேர்க்காமல், ஷாட் எடுக்கும்போதே கேமராவுக்குள் பதிவு செய்துவிடுவதால் இதற்கு ‘இன்-கேமரா வி.எஃப்.எக்ஸ்’ என்று பெயர். இன்று ஹாலிவுட், லண்டன், பெர்லின், மெல்போர்ன், ஹைதராபாத் என எல்லா இடத்திலும் இந்தச் சுவர்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. “அடுத்த புரட்சி” என்கிறார்கள் விற்பவர்கள். புரட்சிதான். ஆனால் அது அந்தச் சுவரில் இல்லை என்பது என் கருத்து. எங்கே இருக்கிறது என்று பார்க்கும் முன், இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

பின்னாடி வீடியோ ஓட்டுறதுதானே, இதுல என்ன புதுசு?

நியாயமான கேள்வி. பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களில் கார் பாட்டு பார்த்திருப்பீர்கள். ஹீரோ ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்புவார். பின்னாடி ரோடு மட்டும் தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். அதுதான் பேக் புரொஜெக்‌ஷன். 1933-ல் வந்த ‘கிங் காங்’ படத்திலேயே இந்த உத்தி உண்டு. 1968-ல் ஸ்டான்லி குப்ரிக் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யின் ஆதிமனிதர் காட்சிகளை, திரையின் முன்பக்கமிருந்து படம் பாய்ச்சும் முறையில் எடுத்தார்.

அவற்றுக்கும் இதற்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். அந்தப் படங்களுக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாது. இந்தச் சுவருக்குத் தெரியும்.

பஸ் ஜன்னல் வழியாகப் பாருங்கள். பக்கத்து மரம் சட்டென்று ஓடும், தூரத்து மலை மெதுவாக நகரும். இந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான் எது பக்கம், எது தூரம் என்று மூளை கணக்குப் போடுகிறது. சுவரில் வெறும் வீடியோ ஓடினால் மரமும் மலையும் ஒன்றாக நகர்ந்து குட்டை உடைத்துவிடும். அதனால் பாலைவனத்தை வீடியோவாக இல்லாமல், வீடியோ கேம் போல முப்பரிமாண உலகமாகவே உருவாக்குகிறார்கள். ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டுக்குப் பின்னால் இருக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் ‘அன்ரியல் எஞ்சின்’ இதற்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. கேமரா எங்கே, எந்தக் கோணத்தில், எந்த லென்ஸில் இருக்கிறது என்பதை சென்சார்கள் கணத்துக்குக் கணம் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கேமரா ஓர் அடி நகர்ந்தால், சுவரில் உள்ள மரமும் மலையும் அதனதன் தூரத்துக்கு ஏற்ப நகரும்.

கேமராவின் பார்வைக்குள் வரும் பகுதி மட்டும் முழுத் துல்லியத்தில் ஓடும். மீதிச் சுவரும் கூரையும் என்ன செய்கின்றன? லைட் அடிக்கின்றன. நடிகரின் முகத்தில் விழும் மாலை வெளிச்சம், கார் கண்ணாடியில் ஓடும் தெருவிளக்கு எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

யாருக்கு லாபம்?

முதலில் ஒளிப்பதிவாளருக்கு. அந்திப்பொழுது நிஜத்தில் அரை மணி நேரம்கூட நிற்காது. சுவரில் அது நாள் முழுக்க நிற்கும். ‘தி பேட்மேன்’ (2022) படத்தில் கட்டி முடிக்காத கட்டடத்தின் மொட்டைமாடியில், மங்கிய வானத்தின் கீழ் நடக்கும் காட்சிகளை இப்படித்தான் எடுத்தார்கள். அதன் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர், ‘மாண்டலோரிய’னின் முதல் சீசனிலும் வேலை பார்த்தவர்.

அடுத்து நடிகருக்கு. பச்சைத்துணியைப் பார்த்து “அங்கே டிராகன் வருது, பயப்படுங்க” என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்த உலகத்தில் நிற்கிறோம் என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

தயாரிப்பாளருக்கும் லாபம்தான். அனுமதி, விமானம், மழை, டிராஃபிக் எதுவும் வேண்டாம். கொரோனா காலத்தில் பயணம் முடங்கியபோது இந்த வாதம் இன்னும் வலுவானது. நெட்ஃப்ளிக்ஸின் ‘1899’ தொடருக்காக பெர்லினை ஒட்டிய பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில் ‘டார்க் பே’ என்ற எல்.இ.டி தளமே எழுந்தது. நடுக்கடலில் போகும் கப்பலின் கதையைத் தரையை விட்டு நகராமல் எடுத்தார்கள்.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் சந்தையின் அளவு புரியும். எல்.இ.டி பேனல் செய்பவர், கிராஃபிக்ஸ் சிப் செய்பவர், கேமராவைப் பின்தொடரும் கருவி விற்பவர், தளத்தை வாடகைக்கு விடுபவர் என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. சோனி பேனலும் கேமராவும் விற்கிறது. அதன் சினிமா பிரிவு 2022-ல் எல்.இ.டி தளங்கள் வைத்திருந்த பிக்சோமோண்டோ என்ற வி.எஃப்.எக்ஸ் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. நம் பக்கத்தில், சென்னையைச் சேர்ந்த க்யூப் சினிமாவும் ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டூடியோவும் சேர்ந்து ஏ.என்.ஆர் பெயரில் ஒரு தளத்தை அமைத்திருக்கின்றன.

அப்போ எல்லாத்தையும் இதுலயே எடுத்துடலாமா?

முடியாது. சுவரின் வெளிச்சம் மென்மையானது. உச்சிவெயிலின் கூர்மையான நிழல் அதில் வராது. பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் இருப்பதால் தோலின் நிறம் கொஞ்சம் விகாரமாகத் தெரியலாம், தனி லைட் வைத்துச் சரிசெய்ய வேண்டும். சுவர்மேல் நேராக ஃபோகஸ் வைத்தால் கோடுகோடாக அலையடிக்கும். முக்கியமாக, நடிகர் நாலு எட்டுக்கு மேல் நடந்தால் சுவரில் முட்டிக்கொள்வார். அதனால்தான் சில தொடர்களில் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் எல்லோரும் ஒரு வட்டத்துக்குள் நின்றே பேசுவதுபோல ஒரு உணர்வு வருகிறது. அதே ‘ஸ்டார் வார்ஸ்’ உலகத்தின் ‘ஆண்டோர்’ (2022) முதல் சீசனை இந்தச் சுவர் இல்லாமல், பெரிய செட்களிலும் நிஜ லொக்கேஷன்களிலும் எடுத்தார்கள். பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, சுவர் மாற்றுவது பின்னணியை மட்டும்தான். படத்தில் ஒரு ஏலியன் வந்தால், அந்த ஏலியனை அப்புறம் கம்ப்யூட்டரில்தான் செய்தாக வேண்டும்.

நிஜப் புரட்சி எங்கே?

காலண்டரில்.

நம் சினிமாவில் வி.எஃப்.எக்ஸ் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சீன் பேப்பர் காலையில் செட்டுக்கு வரும். பின்னாடி அரண்மனையா, அருவியா என்பது முடிவாகியிருக்காது. “பச்சை கட்டுங்க, போஸ்ட்ல பாத்துக்கலாம்.” எடிட்டிங் முடியும்போது ரிலீஸ் தேதி போஸ்டரில் வந்துவிடும். நாளும் பணமும் குறைவாக இருக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில், அதுவரை யாரும் எடுக்காத அத்தனை முடிவுகளும் வி.எஃப்.எக்ஸ் டீமின் மேஜையில் வந்து விழும்.

எல்.இ.டி சுவரில் இது நடக்காது. ஷூட்டிங் நாள் காலையில் சுவரில் ஓட ஒரு உலகம் தயாராக இருக்க வேண்டும். அரண்மனை என்றால் எத்தனை தூண், எந்த நேரத்து வெயில், கேமரா எங்கிருந்து எங்கே போகும் என்பதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். செட்டில் கலை இயக்குநர் கொட்டும் மண்ணின் நிறமும் சுவரில் தெரியும் மண்ணின் நிறமும் பொருந்த வேண்டும். கடைசியில் வந்த வி.எஃப்.எக்ஸ் டீம் முதல் நாள் மீட்டிங்கில் உட்கார வேண்டும். அதாவது பணமும் யோசனையும் படத்தின் வாலிலிருந்து தலைக்கு வரவேண்டும்.

இந்தப் பழக்கத்தை மாற்றாமல் சுவரை மட்டும் வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும்? இங்கேதான் பெரிய முரண் இருக்கிறது. பச்சைத்துணி முன்னால் எடுத்த ஷாட்டில் பின்னணி பிடிக்காவிட்டால் மாற்றலாம். பச்சையை மட்டும் பிரித்தெடுக்க மென்பொருளால் முடியும். சுவர் முன்னால் எடுத்த ஷாட்டில் அருவி பிடிக்கவில்லை என்றால், பிரித்தெடுக்க ஒரே நிறம் கிடையாது. நடிகரை ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வெட்டியெடுக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம். 5 விநாடி ஷாட் என்றால் 120 முறை, பறக்கும் தலைமுடியோடு சேர்த்து. சரியாகத் திட்டமிட்டால் இந்த வேலையே இருக்காது. சொதப்பினால் பச்சைத்துணியைவிடப் பல மடங்கு அதிகம்.

அந்த வேலையைச் செய்பவர் யார்?

இப்படி வெட்டியெடுப்பதற்கு ரோட்டோ என்று பெயர். உலகப் படங்களின் ரோட்டோ வேலையில் பெரும்பங்கு நடப்பது இந்தியாவில்தான். மும்பை, ஹைதராபாத், பெங்களூரு, சென்னை அலுவலகங்களில், பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து செய்கிறார்கள். இந்தத் துறைக்குள் நுழைபவர்களில் பலருக்கு முதல் படிக்கட்டே அதுதான்.

அந்தப் படிக்கட்டு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது. 2013-ல் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், விருது மேடை ஏறிய அதே மாதத்தில் திவால் மனு கொடுத்திருந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, அதன் இந்திய அலுவலகங்களில் இருந்தவர்களும் வேலையை இழந்தார்கள். பச்சைத்துணி குறைந்தால் துணியை நீக்கும் வேலையும் குறையும். மிச்சத்தை ஏ.ஐ எடுத்துக்கொள்ளப் பார்க்கும். “புது டெக்னாலஜி வந்தா புது வேலையும் வரும்” என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். புது வேலை வரும். அது அதே ஆளுக்கு வருமா என்பதுதான் கேள்வி.

வர வைக்க முடியும் என்று நினைக்கிறேன். செட்டில் ‘பிரெய்ன் பார்’ என்று செல்லமாக அழைக்கப்படும் ஒரு மேஜை உண்டு. சுவரில் ஓடும் உலகத்தை நேரடியாக இயக்கும் டீம் அங்கே உட்காரும். “அந்த மலையைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளுங்க” என்று ஒளிப்பதிவாளர் கேட்டால் அந்த நிமிடமே தள்ளுவார்கள். ஆயிரக்கணக்கான ஷாட்களில் வெளிச்சம், விளிம்பு, நிழல் என்று கண்ணைப் பழக்கிய ஒரு ரோட்டோ ஆர்ட்டிஸ்ட்டுக்கு இந்த வேலைக்குத் தேவையான கண் ஏற்கெனவே இருக்கிறது. கருவியைக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அன்ரியல் எஞ்சினை மாணவர்களும் தனிநபர்களும் இலவசமாக டவுன்லோடு செய்து பழகலாம். ஆனால் சொந்தச் செலவில், ராத்திரி ஷிஃப்ட் முடித்துவந்து கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. கோடிகளில் தளம் கட்டுபவர்கள், அதில் வேலை செய்யப்போகும் ஆளுக்கும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். திரைப்படக் கல்லூரிகளின் பாடத்திலும் இது வரவேண்டும்.

தயாரிப்பாளர்களுக்கு ஒரே வார்த்தை. சுவரை புக் பண்ணும் முன் ஸ்கிரிப்ட்டை லாக் பண்ணுங்கள். வி.எஃப்.எக்ஸ் சூப்பர்வைசருக்கு ஷூட்டிங் தொடங்கும் முன்பே அட்வான்ஸ் கொடுங்கள். கார் காட்சி, ஒரே அறைக்குள் ஜன்னல் வழியாக ஊர் தெரியும் காட்சி, சூரிய அஸ்தமனத்தில் நீளமான உரையாடல் ஆகியவை இதற்குப் பொருத்தம். நூறு பேர் ஓடும் சண்டைக்கு வெட்டவெளிதான் சரி.

முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டால் அதன் விலையை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதுவரை அதைக் கொடுத்தவர், கிரெடிட்ஸ் ஓடும்போது நாம் எழுந்து வெளியே நடக்கையில் பொடி எழுத்தில் கடந்துபோகும் பெயர்களுக்குச் சொந்தக்காரர். எல்.இ.டி சுவர் அந்தப் பாரத்தை அவர் தோளிலிருந்து இறக்கலாம், இரண்டு மடங்காகவும் ஏற்றலாம். எது நடக்கும் என்பதைச் சுவர் முடிவு செய்யாது. “போஸ்ட்ல பாத்துக்கலாம்” என்று சொல்பவர்தான் முடிவு செய்வார்.