தையல் பக்கம்: லூசியின் அகலப் பாவாடை



பழைய கறுப்பு வெள்ளைத் தொடர்களை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு 'ஐ லவ் லூசி' தெரிந்திருக்கும். அமெரிக்காவில் 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர் இது. லூசில் போலின் குறும்புகளுக்குச் சிரிக்கும்போதே, தையல் தெரிந்தவர்களின் கண் அவருடைய உடுப்பில் போய் நிற்கும். இடை ஒடுங்கி, கீழே குடை போல விரியும் பாவாடை. அதிலும் பொட்டுப் போட்ட துணி அவருக்குத் தனி எடுப்பு.

அந்த அகலத்துக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துணிக்குத் தட்டுப்பாடு. பிரித்தானியாவில் 1941இல் தொடங்கிய உடுப்புப் பங்கீடு 1949 வரை நீடித்தது. பாவாடையில் எத்தனை மடிப்பு, சட்டையில் எத்தனை பொத்தான் என்பதற்கும் சட்டம் வந்தது. 1947இல் பாரிஸில் கிறிஸ்தியன் டியோர் அகலப் பாவாடைகளைக் காட்டியபோது, இவ்வளவு துணியை வீணாக்குவதா என்று கண்டித்தவர்கள் பலர். ஆனாலும் பெண்கள் அதையே கேட்டார்கள். வருடக் கணக்காக ஒட்டுப் போட்டு உடுத்தவர்களுக்கு அந்த ஆசை வந்ததில் என்ன பிழை? "இனி எங்களுக்கு ஏன் வடிவான உடுப்பு?" என்று கேட்கும் சகோதரிகளுக்காகவும்தான் இதைச் சொல்கிறோம்.

முழு வட்டமாக வெட்டினால் 36 அங்குல அகலத் துணியில் ஏறக்குறைய 3½ யார் பிடிக்கும். எங்கள் கைக்கு அரை வட்டம் போதும். 2 யாரில் முடிந்துவிடும், விழும் அழகும் குறையாது.

இடை 26, நீளம் 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவிட்டு அயன் பண்ணுங்கள். நீளத்தில் 67 அங்குலம் அளந்து, மிச்சத் துண்டை இடைப்பட்டிக்கு வெட்டி வையுங்கள். 67 அங்குலத் துணியை இரண்டாக மடியுங்கள். மடிப்பும் துணிக் கரையும் சந்திக்கும் மூலையில் நூலின் ஒரு நுனியைப் பிடித்து, மறு நுனியில் சோக்கைக் கட்டி, 8 அங்குலத்தில் ஒரு வளைவும் 33½ அங்குலத்தில் இன்னொரு வளைவும் வரைந்து வெட்டுங்கள். வேறு அளவென்றால், இடையோடு 1 கூட்டி 3.14 ஆல் பிரித்து, அதில் அரை அங்குலம் கழியுங்கள். அதுதான் மேல் வளைவு. அதனோடு பாவாடையின் நீளத்தையும் 1½ அங்குலத்தையும் கூட்டினால் கீழ் வளைவு.

பின்பக்கம் ஒரே தையல்தான். அதில் 7 அங்குல சிப், பட்டியில் ஒரு கொழுக்கி.

விளிம்பை உடனே மடித்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுவதும் தொங்கவிடுங்கள். நூல் குறுக்காக ஓடும் இடங்கள் இழுபட்டு இறங்கும். பிறகு அணிந்து பார்த்து, நிலத்திலிருந்து அளந்து சமப்படுத்தி, ஒடுக்கமாக மடித்துத் தையுங்கள். கூலிக்குத் தைப்பவர்கள், "நாளைக்கே வேணும்" என்று நிற்பவர்களுக்கும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஏறி இறங்கும் விளிம்போடு போன பாவாடை அடுத்த ஓடரைக் கெடுத்துவிடும்.

கோடு போட்ட துணி வேண்டாம், பக்கங்களில் சரிந்து தெரியும். பொட்டு அல்லது சின்னப் பூ நல்லது. மூலைகளில் மிஞ்சும் துண்டுகளில் இரண்டு பொக்கற் தாராளமாக வரும்.