புட்டியிலுமா வருணாசிரமம்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவ்வூருக்குச் சமீபத்தில் ஒரு தோழரின் வீட்டில் நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் பரிமாறி, கூடவே ஆளுக்கு ஒரு தம்ளர் சிவப்பு ஒயினும் கொடுத்தார்களாம். அதில் நாமும் கலந்துகொண்டோமாம். "1921-ல் கள் இறக்கப் பயன்படுகிறதென்று தமது தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்த பெரியாரின் பேரைச் சொல்லிக்கொண்டு, நீங்கள் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்கிறார்.

நாம் அங்கு இருந்ததும் வாஸ்தவம், குடித்ததும் வாஸ்தவம். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

பெரியார் மரங்களை வெட்டியது காங்கிரசில் இருந்த காலத்தில். பிற்காலத்தில், சர்க்கார் சட்டம் போட்டு ஜனங்களின் குடியை நிறுத்துவது என்பது பித்தலாட்டமான காரியம் என்று பகிரங்கமாய்க் கண்டித்தவரும் அவரேதான். அறிவுக்குத் தப்பென்று பட்டதை விட்டுவிடுவதற்கு அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக யாரும் குடிக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அதுவும் ஒரு சாஸ்திரமாகிவிடும்.

நிற்க, அக்கடிதத்தில் நம் மனதைத் தைத்தது வேறொரு வரி. "ஒயின் என்பது பெரிய மனிதர்களும் வெள்ளைக்காரர்களும் குடிப்பது, மில் கூலிக்கும் சம்சாரிக்கும் அது எதற்கு?" என்கிறார். பார்த்தீர்களா, தோழர்களே! குடி தப்பென்பதல்ல அவருடைய வருத்தம். தகுதிக்கு மீறிக் குடித்துவிட்டார்களே என்பதுதான்!

மனிதனுக்கு ஜாதி வைத்த புத்தி புட்டிக்கும் வைத்திருக்கிறது. கள் பஞ்சமனாம், சாராயம் சூத்திரனாம், பிராந்தி வைசியனாம், பிரெஞ்சு தேசத்து ஒயின் பூதேவனாம். பனையேறி இறக்கும் கள்ளில் போதைச் சத்து நூற்றுக்கு ஏறக்குறைய 4, 5 பங்குதான். அது 1987 ஜனவரி 1 முதல் இந்த ராஜ்யத்தில் குற்றம். நூற்றுக்கு 42.8 பங்கு உள்ள பிராந்தியையோ, 2003 முதல் சர்க்காரே கடை வைத்துச் சில்லறைக்கு விற்கிறது. மெலிந்தவனுக்கு விலங்கு, கொழுத்தவனுக்குக் கல்லாப்பெட்டி! ராஜ்ய முத்திரையில் இருப்பது தங்களூர்க் கோபுரமென்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பெருமை பேசுகிறார்கள். இல்லை, எங்களூர்க் கோபுரமென்று மதுரைக்காரர்கள் சொல்லுகிறார்கள். எந்தக் கோபுரமாயிருந்தாலும், பிராந்தி வியாபாரத்தை அது தடுக்கக் காணோம்.

சரி, ஒயினுக்குள்ளேயாவது விலைக்கும் ருசிக்கும் சம்பந்தம் உண்டா? 2008-ல் அமெரிக்காவில் ஒரு பரீட்சையின் முடிவு வெளியாயிற்று. புட்டியின் சீட்டை மறைத்துவிட்டு, 500-க்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 தடவைக்கு மேல் ஒயினை ஊற்றிக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். விலை தெரியாத சாதாரண ஜனங்களுக்கு, விலை உயர்ந்த சரக்கு அதிகமாய்ப் பிடிக்கவில்லை. சற்றுக் குறைவாகவே பிடித்தது! 2001-ல் பிரான்சில் போர்தோ நகரத்தில் இன்னும் வேடிக்கை. ஒயின் கலை படிக்கும் மாணவர் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவ்வளவு படித்தவர்களும் சிவப்பு ஒயினுக்கென்று வைத்திருக்கும் வார்த்தைகளைக் கொண்டே அதை வருணித்துவிட்டார்கள். 1976-ல் பாரீசிலேயே பிரெஞ்சு நிபுணர்கள் சீட்டைப் பாராமல் ருசி பார்த்தபோது, கலிபோர்னியாச் சரக்குக்கு முதல் இடம் கொடுத்தார்கள்.

புட்டியின் சீட்டு என்பது அதன் பூணூல். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது புளித்த திராட்சைச் சாறுதான். அந்தத் திராட்சையோ நமக்கு அன்னியமல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கும் மலைகளைத் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள்.

அன்று குடித்தது இந்நாட்டில் செய்த, விலை குறைந்த சரக்கு. அதைக் குடிக்கும் விதத்திலும் வெள்ளைக்காரனைக் காப்பியடிக்க வேண்டியதில்லை. சிவப்பு ஒயினை 'அறையின் சூட்டில்' குடிக்க வேண்டுமென்று அவன் எழுதி வைத்திருப்பது, குளிர் தேசத்து அறையின் சூடு. 16, 18 டிகிரிதான். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அப்படியே ஊற்றினால் கஷாயந்தான். ஐஸ் பெட்டியில் அரைமணி நேரம் வைத்தால் போதும். நாக்கை இழுக்கும் துவர்ப்பு கறியின் கொழுப்போடு சேர்ந்தால் அடங்கும். மிளகாய்க் காரத்தையோ போதைச் சத்து தூண்டிவிடும். ஆகையால், நமது குழம்புக்கு அதிகத் துவர்ப்பும் வேகமும் இல்லாத சரக்கே நல்லது. அது பெரும்பாலும் விலையிலும் குறைவு.

மலிவு என்றதும் எதையும் குடிக்கலாமென்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சிவப்பு ஒயின் இருதயத்துக்கு மருந்து என்று சிலர் தீர்த்தம் கொடுப்பதுபோல் பேசுகிறார்கள். எந்த அளவு குடியும் தீங்கற்றதென்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கணக்கும் கேளுங்கள். ஒரு தம்ளர் ஒயினில் உள்ளதைப்போல் நாலு பங்கு போதைச் சத்து ஒரு குவார்ட்டர் பிராந்தியில் இருக்கிறது. வேலை முடிந்து பசி வயிற்றோடு கடை வாசலில் நின்று அதை ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்ளுகிறவனும், சோற்றோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு தம்ளர் குடிக்கிறவனும் ஒன்றாவார்களா? முன்னவன் வீடு போய்ச் சேரும்போது அடி வாங்குகிறவள் யார்?

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையைப்பற்றி இவ்வளவு எழுதுகிறோம். அங்கே கறி சமைத்தவர் அந்த வீட்டு அம்மாள்; இஞ்சி, பூண்டு அரைத்துக் கொடுத்தவர் அவர் புருஷன். பரிமாறிவிட்டு அடுக்களையில் மிச்சத்தைத் தின்பது என்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எல்லோரும் ஒரே பந்தியாய் உட்கார்ந்தோம். அம்மாளுக்கும் ஒரு தம்ளர் வைத்தார்கள். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "துவர்க்குது, எனக்கு வேண்டாம்" என்று தள்ளி வைத்துவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. கடிதக்காரருக்கு ஆத்திரம் இந்த ஒரே பந்தியின் மேலா, புட்டியின் மேலா என்பது நமக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. மார்கழி 27-ந் தேதி ஆண்டாள் பேரால் நெய்யொழுக அக்காரவடிசில் சாப்பிட்டால் பக்தி. உழைத்தவன் வாரத்துக்கு ஒருநாள் பெண்டாட்டியோடு உட்கார்ந்து கறியும் சோறும் ருசித்தால் ஒழுக்கக்கேடு! இந்த நியாயத்தை அவர்தான் நமக்கு விளக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் அந்த வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். ஒயின் வேண்டாமென்றால் மோர் இருக்கிறது. பூண்டு உரிக்கச் சற்று முன்னதாகவே வரும்படி அம்மாள் சொல்லச் சொன்னார்.